ஏழுமலை கழுவிய ஃபிலிம்

ஊழியர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் கேட்டு ஆறு மாதமாகிறது. வாழ்நாளெல்லாம் ரத்தத்தையும் சதையையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தவளிடம் என்ன கதை இருக்கப்போகிறது என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் நங்கநல்லூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அடர்ந்த நீலப் பரப்பு. அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சில கோடுகள்.

"வயித்துப் புத்துநோய்க் கட்டியில இருக்கற என்சைம், ஆன்ட்டி. ஜெலட்டினை எங்கெங்க தின்னிருக்கோ அங்கெல்லாம் வெள்ளையாத் தெரியுது. உங்க காலத்துல இதை எப்படிப் பார்த்தீங்க?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. சாந்தோமில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பி.யு.சி. முடித்து, ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் பயிற்சி பெற்று, அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூர்ப் பக்கம் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் சிறுநீரில் சர்க்கரை பார்த்தே கழிந்தது. அதற்குப் பிறகு பின்கட்டில் இருந்த இரண்டு அறை ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள். அங்கே டாக்டர் சேஷாத்ரி இருந்தார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர். அறுவை அரங்கிலிருந்து ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வயிற்றுத் துண்டு வந்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார். யாரோ பெரியவர் உள்ளே வந்ததுபோல நிற்பார். துண்டு, பீஸ், சாம்பிள் என்றெல்லாம் நாங்கள் சொல்லக் கூடாது. "அவர் வந்துட்டாரா? அவரை ஐஸ்ல வெச்சியா?" என்றுதான் கேட்பார். முதல் வாரம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அந்த அறையில் தனியாக இருக்கும்போது ஐஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரவே கூசியது.

அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "கட்டி வளர்றதுனால மட்டும் மனுஷா சாகறதில்லே, பிலோமினா. அது எடத்தை விட்டுக் கிளம்பறதுனால சாகறா. வயித்துச் சுவர் கெட்டியான நெசவு. அதைத் தாண்டிண்டு கல்லீரலுக்குப் போகணும்னா வழி வேணும். அந்த வழியை எது கரைக்கறது?"

கரைப்பது ஒரு என்சைமாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். வயிற்றுச் சுவரை நெய்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் காய்ச்சினால் கிடைப்பதுதான் ஜெலட்டின். போட்டோ ஃபிலிமின் மேல் பூசியிருப்பதும் அதேதான். ஃபிலிமை வெளிச்சம் காட்டிக் கன்னங்கரேலென்று கழுவி எடுத்து, அதன்மேல் கட்டியின் மெல்லிய சீவலை வைத்தால், என்சைம் இருக்கிற இடத்தில் ஜெலட்டின் கரையும். அதோடு கறுப்பும் உதிரும். அங்கே கண்ணாடிபோல ஒரு ஜன்னல் திறக்கும். வெளிநாட்டில் சிலர் செய்து பார்த்திருந்த முறைதான். எங்களுக்கு வேண்டியது கறுப்பு ஃபிலிம்.

அதற்காக மயிலாப்பூர் கடைவீதிச் சந்து ஒன்றில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். ஏழுமலை அண்ணனை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர். விரல் நகங்கள் மருந்துத் தண்ணீரில் பழுப்பேறியிருக்கும்.

"இன்னா தங்கச்சி, படமே இல்லாத ஃபிலிமா? கருப்பா வந்துட்சின்னு அவனவன் சண்டைக்கு வர்றான். நீ கருப்பாத்தான் வோணும்ன்றியே!"

"படிகாரம் சேர்க்காம கழுவணும்ணே. படிகாரம் போட்டா ஜெலட்டின் இறுகிடும்."

"அது இல்லாங்காட்டி இந்த வெயிலுக்கு மேல்பூச்சு வழுக்கிக்கினு போய்டுமேம்மா." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐஸ்ல வெச்சுக் கழுவறேன். ஆவும்."

அவர் ஊரில் இன்னொரு காரியத்துக்கும் பேர் போனவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பாடை எடுக்கும் முன் படம் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். "உயிரோட கீறவன் கண்ணைச் சிமிட்டுவான், மூஞ்சைத் திருப்புவான். செத்தவங்க அசையவே மாட்டாங்கோ. நான் அவசரப்படத் தேவையில்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி பயமோ துக்கமோ இருக்காது. வேலையைப் பற்றிப் பேசுகிறவரின் நிதானம்தான் இருக்கும்.

ஒவ்வொரு முறை கழுவும்போதும், ஃபிலிமை வெட்டிய பட்டைகளின் மூலையில் கத்தரியால் சின்னதாக வெட்டு வைப்பார். முதல் தடவைக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு. எந்தத் தடவை கழுவிய ஈடு என்று தெரிய வேண்டுமாம். எது பூச்சு உள்ள பக்கம் என்று கண்டுபிடிக்கவும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். பட்டையின் ஓரத்தைக் கீழுதட்டில் லேசாக ஒற்ற வேண்டும். ஒட்டுகிற பக்கம் ஜெலட்டின்.

நாங்கள் செய்த முறை இதுதான். சீவலை ஐஸ் குளிர்ச்சியான உப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவுவோம். வயிற்றிலேயே பெப்சின் என்ற செரிமான என்சைம் உண்டு. புளிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே புளிப்பே இல்லாத கரைசலில் ஊறவைத்து அதை அடக்கிவிடுவோம். பிறகு ஒரே துண்டிலிருந்து இரண்டு சீவல்கள். ஒன்று வெறும் பட்டையில். மற்றொன்று, நாங்கள் தேடும் என்சைமை முடக்கும் ஒரு உப்பில் நனைத்த பட்டையில். இரண்டாவதில் ஓட்டை விழாமல் முதலாவதில் மட்டும் விழுந்தால், கரைத்தது நாங்கள் தேடுவதுதான். ஈரத்தாள் விரித்த தட்டில் மூடி, உடம்புச் சூட்டில் வைப்போம். காலை பத்துக்கு வைத்தால் மாலை நாலுக்கு எடுத்து, சீவலைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு ஜன்னலில் தூக்கிப் பிடிப்போம்.

முதல் ஓட்டையைப் பார்த்த அன்று அந்தப் பட்டையை மூன்று முறை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். உடம்பை விட்டு அறுத்தெடுத்த ஒரு சதைத் துணுக்கு, தனியாக, இருட்டில், சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

பட்டைகளை நன்றாகப் படமெடுத்து வைக்க டாக்டர் ஏழுமலை அண்ணனையே கூப்பிட்டுக்கொண்டார். அவர் வந்து ஜன்னலோரம் கேமராவை நிறுத்தி ஒவ்வொன்றாக எடுப்பார். ஒரு வருஷத்தில் அவருக்கே படிக்கத் தெரிந்துவிட்டது. "இது பெருசா துன்னுகீது ஸார். இந்த ஆளு பாவம்" என்பார். பட்டைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதுவும் டாக்டரின் விதி. பட்டை சொல்வதை நோயாளிக்கோ வீட்டாருக்கோ சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. "இது நாம கத்துக்கறதுக்கு. அவாளைப் பயமுறுத்தறதுக்கு இல்லே."

அடுத்த வருஷம் ஏழுமலை அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். "ரெண்டு இட்லி துன்னா நெஞ்சாண்டயே நின்னுக்கினு கீது, தங்கச்சி" என்றார். நான்தான் வற்புறுத்தி எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். வயிற்றில் கட்டி. எங்கள் சர்ஜன் வயிற்றின் பெரும்பகுதியை எடுத்தார். பிளாஸ்க் பின்கட்டுக்கு வந்தது. டாக்டர் எழுந்து நின்றார். நோட்டில் பதினேழு என்று எழுதினார்.

கட்டியிலிருந்து எடுத்த சீவல் ஓட்டை போட்டது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சர்ஜன் கத்தரித்த ஓரம், கட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்த பகுதி, மைக்ராஸ்கோப்பில் சுத்தமாக இருந்தது. அதன் சீவலை வைத்த பட்டையை நாலு மணிக்குத் தூக்கிப் பிடித்தேன். கொத்துமல்லி விதை அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் வழியே வெளியே வேப்பமரம் தெரிந்தது. கை தவறிவிட்டது என்று நினைத்து மறுநாள் திரும்பச் செய்தேன். மூன்றாம் நாளும் செய்தேன். அதே இடம், அதே அளவு. உப்பில் நனைத்த பட்டை மட்டும் முழுக் கறுப்பாகவே இருந்தது.

டாக்டர் பட்டையை எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போனார். நானும் பின்னால் போனேன். சர்ஜன் பொறுமையாகத்தான் பேசினார். "மைக்ராஸ்கோப்ல ஒண்ணும் இல்லை, டாக்டர். இந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே இன்னும் தெரியாது. இதை நம்பி ஒருத்தர் வயித்தை ரெண்டாவது தடவை எப்படித் திறப்பேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஓட்டை விழுந்தவர்கள் எல்லாரும் என்ன ஆனார்கள் என்று நாங்கள் அதற்குள் பார்த்து முடித்திருக்கவில்லை. டாக்டர் திரும்பி வந்து பட்டையை உறையில் போட்டு ஒட்டினார்.

நாலு மாதம் கழித்து ஏழுமலை அண்ணன் கேமராவோடு வந்து நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆனால் சிரித்த முகம். டில்லியில் ஒரு மாநாட்டில் டாக்டர் கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. எல்லாப் பட்டைகளையும் வரிசையாகப் படமெடுக்க வேண்டும். அவர் வருவதற்கு முன்பே நான் பதினேழாம் உறையிலிருந்து ஓரத்துப் பட்டையை எடுத்துவிட்டு, ஓட்டையில்லாத வேறொரு பட்டையை வைத்திருந்தேன். டாக்டர் அப்போது வார்டில் இருந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை.

அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். பதினேழாம் உறைக்கு வந்ததும் பட்டையின் மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது இந்த உறையில இருந்த பட்டை இல்ல."

"ஏண்ணே?"

"முன்னாடி உறையிலயும் பின்னாடி உறையிலயும் நாலு வெட்டு கீது. இது மட்டும் ரெண்டு வெட்டு. ரெண்டு வெட்டு போட்டது போன வருசம்." கேமராவை மூடினார். "நாலு வெட்டு ஈடு நடக்கச்சொல்லத்தான் என்னை அறுத்தாங்கோ. பதினேழு நான்தானா?"

வாயைத் திறந்திருந்தால் இன்னொரு பொய் வந்திருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து அசல் பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பழக்கதோஷத்தில் அதன் ஓரத்தைக் கீழுதட்டில் ஒற்றினார். பிறகு அதைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னலைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். அந்தக் கறுப்புக்கு நடுவே, அவருடைய சதை தின்ற துளை வழியாக, அவர் கருவிழி என்னைப் பார்த்தது.

"இதுல பார்த்தா நீ தெரியிறே" என்றார். பட்டையைக் கண்ணிலிருந்து இறக்கினார். "இது இப்பவும் உள்ளார துன்னுக்கினு கீதா?"

"தெரியலண்ணே. சத்தியமா எங்க யாருக்கும் தெரியாது."

"தெரியாததுக்கு இன்னாத்துக்கு ஒளிச்சி வெச்சே?"



அவர் கேமராவைத் திறந்து அந்தப் பட்டையையும் எடுத்தார். மற்றதற்கெல்லாம் ஒரு தடவை அழுத்தியவர் அதற்கு மூன்று தடவை அழுத்தினார். டாக்டர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஏழுமலை அண்ணன் எதிரில் போய் நின்று கை கூப்பினார். "மன்னிக்கணும். மறைக்கச் சொன்ன விதி என்னுது. அவளோடது இல்லே."

இரண்டு மாதத்தில் அண்ணனுக்கு வயிறு நீர் கோத்து வீங்கியது. கண் மஞ்சளாயிற்று. அப்படியும் ஒரு நாள் ரிக்‌ஷாவில் வந்து, கடைசியாகக் கழுவிய பட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வெட்டு. அதற்குப் பிறகு வார்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் டாக்டரைக் கூப்பிட்டார். மனைவி தனம் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ஸார், நான் போனப்புறம் தொறந்து பாருங்கோ. அது எங்க போய்ச் சேந்துச்சின்னு பாருங்கோ. நான் கழுவுன ஃபிலிம்லயே வெச்சுப் பாருங்கோ."

டாக்டர் தனத்தைப் பார்த்தார். "அவரு சொன்னா சரிதான்" என்றார் அந்த அம்மா. கையெழுத்தும் போட்டார்.

ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் உயிர் போயிற்று. எட்டு மணிக்கெல்லாம் டாக்டர் கல்லீரலிலிருந்து நெல்லிக்காய் அளவு ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று பிளாஸ்கைத் தானே கையில் பிடித்து வந்ததால் எழுந்து நிற்க அவருக்கு வழியில்லை. நான்தான் எழுந்து நின்றேன். பத்து மணிக்குச் சீவலை ஐந்து வெட்டுப் பட்டையில் வைத்து மூடினேன். பதினொன்றரைக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவரைப் படமெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு மணிக்கு மேளச் சத்தம் எங்கள் தெருவைத் தாண்டி மயானத்துக்குப் போயிற்று.

நாலு மணிக்குத் தட்டைத் திறந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. இதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரியது. உப்பில் நனைத்த பட்டை முழுக் கறுப்பு. டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, "கிளம்பின எடத்துலயும் போய்ச் சேர்ந்த எடத்துலயும் ஒரே வேலை" என்றார். அந்த நேரத்தில் ஏழுமலை அண்ணன் சிதையில் எரிந்துகொண்டிருந்தார். அவரில் ஒரு துளி மட்டும், எங்கள் தட்டில், உடம்புச் சூட்டிலேயே இருந்து வேலையை முடித்திருந்தது.

மிச்சமிருந்த வயிற்றுத் துண்டையும் கல்லீரல் துண்டையும் இரண்டு சீசாக்களில் போட்டு உறைபெட்டியில் வைத்தோம். டாக்டர் டில்லிக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் ஊரில் இல்லாத அந்த வாரம் தனம் பின்கட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அவரோடது ஏதாச்சும் இங்க கீதாம்மா?"

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். "ஏன் கேக்கறீங்க?"

"ஸ்டுடியோ இருட்டு ரூம்ல தண்ணி சொட்டுது. குழாயை இறுக்கி மூடினேன். தொட்டியைக் கவுத்து வெச்சேன். அப்பவும் சொட்டினே கீது. அவரு ஃபிலிமை அலசச்சொல்ல கேக்குமே, அதே சத்தம். சாம்பலைக் கரைச்ச அன்னிக்கி எல்லாத்தையும் கரைச்சிட்டியான்னு கேட்டாங்கோ. ஆமான்னு சொல்லிட்டேன். பொய்யாயிடுச்சோன்னு கீது."

அந்த இரண்டு சீசாக்களும் டாக்டருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தொடக்கமும் முடிவும் இரண்டும் எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு மனிதரிடமிருந்து மட்டும்தான். கேட்காமல் கொடுத்தால் வேலையே போகலாம். ஆனால் ஒருமுறை அந்தக் குடும்பத்திடம் மறைத்தாயிற்று. "இல்லை" என்று இன்னொரு முறை சொல்ல என்னால் முடியவில்லை. உறைபெட்டியைத் திறந்து சீசாக்களையும் உறையிலிருந்த பட்டைகளையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

இருவரும் சாந்தோம் கடற்கரைக்கு நடந்தோம். மூன்று மணி வெயிலில் குப்பத்து வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தனம் முழங்கால் தண்ணீரில் இறங்கி சீசாக்களைக் கவிழ்த்தார். பட்டைகளைப் போட்டபோது அலை அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து எங்கள் காலடியில் வைத்தது. எடுத்துப் போட்டோம். மறுபடியும் வந்தன. மூன்றாவது தடவை வரவில்லை. தனம் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். பெட்டியைக்கூட வைக்காமல் சொன்னார். "பிலோமினா, டில்லியில படம் மட்டும் போறாதுங்கறா. ரெண்டு எடத்துலேர்ந்தும் அந்த என்சைமைப் பிரிச்சு எடுத்துக் காட்டினா ஒத்துக்கறாளாம். அவரை எடுத்து வெளியில வை."

நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பட்டையுமா?"

"பட்டையும்தான் சார்."

"நான் இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "நான் இல்லாததே நல்லதாப் போச்சு."

நோட்டைத் திறந்து, பதினேழுக்கு நேரே சிவப்பு மையில், 'உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதினார். அந்த வேலை எங்களிடம் அதற்கு மேல் வளரவில்லை. பிற்பாடு வேறு தேசங்களில் வேறு ஆட்கள் அதையெல்லாம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் கைப்பேசியில் காட்டியது அதைத்தான். டாக்டர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. வேலையும் போகவில்லை.

ஒரு மாதம் போனதும், மனது கேட்காமல் கடைவீதிச் சந்துக்குப் போனேன். ஸ்டுடியோ காலியாக இருந்தது. வாடகைக்கு வரப்போகிறவர்களுக்காகத் தனம் இருட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொட்டறது நின்னுச்சாக்கா?"

"இல்லம்மா, சொட்டினேதான் கீது. ஆனா இப்ப அது அவருன்னு தோணல. வெறும் தண்ணி." துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். "தோ, கேக்குது பாரு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.